அறிவிப்பும் மதிப்பும்: இணையச் செய்தியோடையின் வரலாறு

எழுதுவோன் ஒருவனுக்கு என்றும் இரண்டு விருப்பங்கள் உண்டு. தான் புதிதாக ஒன்றை எழுதியிருப்பதை உலகம் உடனே அறிதல் வேண்டும் என்பது ஒன்று. அறிந்த உலகம் தன்னை முன்வரிசையில் இருத்தி மதித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னையது அறிவிப்பு, பின்னையது மதிப்பு. அறிவிப்பு எழுதுவோன் கையில் உள்ளது. மதிப்போ பிறர் கையில் உள்ளது. இன்றிரவு கூத்து நடைபெறும் என்று ஊர்ச் சந்தியிலே மேளம் அடித்துச் சாற்றுவது அண்ணாவியாருக்கு எளிது. ஆனால் அக்கூத்தைப் பற்றி அடுத்த ஊரவர் நல்ல வார்த்தை சொல்லுவது, விடியும்வரை அவர்கள் கண்டதையும் கேட்டதையும் பொறுத்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியவர்களால் ஒரு நல்ல கருவி எவ்வாறு மயக்கத்துக்கு உள்ளாயிற்று, பின்னர் எவ்வாறு தனக்குரிய இடத்தை அடைந்தது என்பதே இணையச் செய்தியோடையின் வரலாறு.

ஆர்.எஸ்.எஸ். என்னும் மூன்றெழுத்துப் பெயரால் வழங்கும் இவ்வோடையின் பிறப்பை அறிவதற்கு, 1990களின் நடுப்பகுதியில் இணையம் இருந்த நிலையை முதலில் அறிதல் வேண்டும். இணையத்தளங்கள் நாள்தோறும் பெருகிய காலம் அது. ஒரு தளத்திலே புதிய கட்டுரை வெளிவந்துள்ளதா என்று அறிய விரும்பிய வாசகன், அத்தளத்துக்குத் தானே சென்று பார்த்தாக வேண்டும். பத்துத் தளங்களை விரும்பியவன் பத்து வாயில்களையும் நாள்தோறும் தட்டினான். பல வாயில்களில் நேற்றைய பக்கமே அவனை வரவேற்றது.

அறியாத பொருளைத் தேடுவோனுக்குத் தேடுபொறிகள் துணை நின்றன. 1995ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தொடங்கிய அல்ராவிஸ்ரா அக்காலத்துத் தேடுபொறிகளுள் பேர்பெற்றது. அக்காலத்துத் தேடுபொறிகள் ஒரு பக்கத்தின் தகுதியைப் பெரும்பாலும் அப்பக்கத்தின் சொற்களைக் கொண்டே அளந்தன. பக்கத்தின் தலைப்பகுதியிலே, வாசகர் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், இப்பக்கம் இன்ன பொருள் பற்றியது என்று சில திறவுச்சொற்களை எழுதிவைக்கும் வழக்கமும் இருந்தது. நேர்மையாளர் நேர்மையாக எழுதினர். ஏனையோர், மக்கள் எச்சொல்லை மிகுதியாகத் தேடுகின்றனரோ அச்சொல்லை நூறு முறை எழுதினர். தன்னைப் பற்றித் தானே கூறும் சான்றை நம்பினால் நேரும் கேடு இணையத்துக்கு அப்பொழுதே வெளிப்பட்டது. இந்தப் பாடத்தைப் பின்வந்த பலர் மறந்தனர்.

ஆயினும், ஒரு தளம் தன்னைப் பற்றித் தானே ஒழுங்காகக் கூறுமாயின் அதனாற் பெரும் பயன் விளையும் என நம்பிய அறிஞரும் இருந்தனர். அவருள் முதன்மையானவர் இராமநாதன் குகா. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எந்திரப் பொறியியல் பயின்று, பின் அமெரிக்கா சென்று ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் இவர். மனிதரின் பொது அறிவை எந்திரம் விளங்கிக்கொள்ளுமாறு எழுதிவைக்க முனைந்த சைக் என்னும் பெருந்திட்டத்தில் இவர் சில ஆண்டுகள் உழைத்தார். அங்குப் பெற்ற பயிற்சியே பின்னர் வந்த முயற்சிக்கு வித்தாயிற்று. 1995 முதல் 1997 வரை அப்பிள் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபொழுது, இணையத்திலுள்ள பொருள்களைப் பற்றிய விபரத்தை எந்திரம் வாசிக்கத்தக்க முறையில் எழுதுவதற்கு ஓர் அமைப்பை வகுத்தார். 1997இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் சேர்ந்து, ரிம் பிறே என்பாருடன் கூடி அவ்வமைப்பை மேலும் செப்பஞ் செய்தார். ஆர்.டி.எப். என வழங்கும் விபர மொழி இம்முயற்சியின் வழிவந்ததேயாம்.

இதே காலத்திற் பிறிதொரு முயற்சியும் நிகழ்ந்தது. செய்தியை நாடி வாசகன் செல்லாமல், வாசகனை நாடிச் செய்தி வருமாறு செய்ய 1996இல் பொயின்ற்காஸ்ட் என்னும் நிறுவனம் முற்பட்டது. 1997இல் மைக்ரோசொப்ற் நிறுவனமும் அதற்கெனத் தனி அமைப்பொன்றை வெளியிட்டது. சிலகாலம் இவை பெரிதும் பேசப்பட்டன. ஆனால் கேளாத செய்திகளும் விளம்பரங்களும் அலுவலகக் கணினிகளின் இணைப்புக்களை நிரப்பி அடைத்தமையால், வரவேற்ற கைகளே அவற்றை விலக்கின. வாசகன் வேண்டியதை மட்டும், வேண்டிய அளவில், மிகச் சிறிய சுமையாகக் கொண்டுவரும் வழியொன்று தேவையாயிற்று.

அவ்வழி 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பிறந்தது. நெற்ஸ்கேப் நிறுவனம் அக்காலத்தில் ஒரு வாயிற்றளத்தை நடத்தி வந்தது. வாசகர் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் செய்திகளைத் தெரிந்து தம் பக்கத்தில் அடுக்கிக்கொள்ள அது இடமளித்தது. பிற தளங்களின் தலைப்புக்களை அங்கே சேர்ப்பதற்காக, குகாவும் டான் லிபியும் வகுத்த அமைப்பே முதலாவது ஆர்.எஸ்.எஸ். ஆகும். அதன் இயல்பு மிக எளியது. தளத்தை நடத்துவோர் தம் பக்கங்களோடு ஒரு சிறு கோப்பையும் வைப்பர். அக்கோப்பிலே தளத்தின் பெயர் இருக்கும். அதன் கீழே புதிய கட்டுரைகளின் தலைப்புக்களும் அவற்றின் முகவரிகளும் இருக்கும். பின்வந்த அமைப்புக்களிற் சுருக்கமும் வெளியீட்டு நேரமும் சேர்ந்தன. வாசகனின் கணினி அக்கோப்பை இடையிடையே எடுத்துப் பார்த்து, புதியது உளதாயின் அதனை அறிவிக்கும். தொடக்கத்தில் ஓர் ஓடையில் 15 தலைப்புக்களுக்கு மேல் இருத்தலாகாது என்ற வரையறையும் இருந்தது. வானொலி நேயர் வாரந்தோறும் காணும் நிகழ்ச்சி நிரலைப் போன்றதே இது. நிரல் நிகழ்ச்சி ஆகாது. எது, எப்பொழுது, எங்கே என்பதை மட்டும் அது கூறும்.

அதே ஆண்டு யூலை மாதத்தில் டான் லிபி அதனை மேலும் எளிமையாக்கி இரண்டாம் வடிவத்தை வெளியிட்டார். ஆனால் பெற்ற தாய் நெடுங்காலம் பேணவில்லை. நெற்ஸ்கேப் நிறுவனத்தை ஏ.ஓ.எல். நிறுவனம் வாங்கியபின், இம்முயற்சியில் இருந்த ஆர்வம் குன்றிற்று. 2001ஆம் ஆண்டில் அவ்வாயிற்றளம் ஓடைகளுக்கு அளித்த ஆதரவு நின்றது. ஆதரவற்ற அக்குழந்தையை வளர்த்தவர்கள் இரு சாரார். ஒருவர் டேவ் வைனர். இவர் தம் வலைப்பதிவுக்கென 1997ஆம் ஆண்டிலேயே இதனை ஒத்த ஓர் அமைப்பை வகுத்திருந்தார். எளிமையே உயிர் என்பது இவர் கொள்கை. மற்றைச் சாரார், ஓடையை ஆர்.டி.எப். மொழியோடு பிணைத்து, எந்திரம் ஆழ்ந்து விளங்கிக்கொள்ளத்தக்க விபரங்களை அதில் ஏற்ற விரும்பினர். குகாவும் இக்குழுவில் இருந்தார். அங்கே உழைத்தவருள் 14 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவனே ஏரன் சுவாற்ஸ்.

2000ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இரு சாராரும் தத்தம் வடிவங்களை வெளியிட்டனர். ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவின. மூன்றெழுத்தின் விரிவும் காலத்துக்குக் காலம் மாறிற்று. முதலில் ஆர்.டி.எப். தளச் சுருக்கம் எனவும், பின்னர் செறிந்த தளச் சுருக்கம் எனவும், ஈற்றில் மெய்யாகவே எளிய பகிர்வு எனவும் அது பொருள்பட்டது. 2002ஆம் ஆண்டு செப்தெம்பரில் வைனர் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு பெருவழக்காயிற்று. 2003ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அதன் உரிமை ஹாவாட் பல்கலைக்கழகத்தின் பேர்க்மன் நிலையத்துக்கு மாற்றப்பட்டது. பூசல்களாற் சலிப்புற்ற வேறு சிலர் அற்றம் என்னும் புதிய ஓடையை ஆக்கினர். அது 2005ஆம் ஆண்டு டிசம்பரில் இணையத்தின் நியமங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. பூசல் எவ்வாறாயினும் வாசகனுக்கு இழப்பில்லை. அவனுடைய ஓடைவாசிப்புக் கருவி எல்லா வடிவங்களையும் ஒருங்கே வாசித்தது.

ஓடை மக்கள் மனத்தைக் கவர்ந்ததற்குக் காரணம் அதன் தொழில்நுட்பம் அன்று. அதனுள்ளே அமைந்த ஒழுங்கே காரணமாம். எந்த ஓடை வேண்டும் என்பதை வாசகனே தெரிந்தான். தெரிந்தவற்றிலே எது முந்தியது எது பிந்தியது என்பதைக் காலமே தீர்த்தது. நியூயோர்க் ரைம்ஸ் போன்ற பெரும் பத்திரிகையும் 2002இல் ஓடைகளை வழங்கத் தொடங்கிற்று. அப்பத்திரிகையின் தலைப்பும், தன் அறையிலிருந்து எழுதும் ஒரு மாணவனின் தலைப்பும் வாசகன் திரையில் ஒரே அளவு எழுத்தில், அடுத்தடுத்து நின்றன. பெரியோர் முன்னிருக்கவும் சிறியோர் பின்னிற்கவும் ஆணையிடுவார் அங்கு எவருமிலர். இத்தகைய சமன்மையை இணையம் அதன் பின்னர் அரிதாகவே கண்டது.

வானொலிக்கும் இவ்வோடை ஒரு புதிய வழியைத் திறந்தது. வைனர் 2000ஆம் ஆண்டிலேயே ஓடையில் ஒலிக்கோப்பை இணைக்க இடஞ்செய்திருந்தார். கடிதத்தோடு பொதியையும் சேர்த்து அனுப்புவது போன்றது அது. 2003இலும் 2004இலும் இம்முறையாற் பேச்சுக்களும் உரையாடல்களும் பரவலாயின. பொட்காஸ்ட் என்ற பெயரும் 2004இல் எழுந்தது. 2005ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அப்பிள் நிறுவனம் தன் ஐரியூன்ஸ் மென்பொருளில் அவற்றைச் சேர்த்தபின் கேட்போர் தொகை பெருகிற்று. ஒலிபரப்பும் வேளையிற் கேட்கத் தவறியவன், தனக்கு ஓய்வு வாய்த்த வேளையிற் கேட்கும் வசதி இவ்வாறு பிறந்தது.

இனி மற்றைய விருப்பமாகிய மதிப்பின் கதைக்கு வருதல் வேண்டும். திறவுச்சொற்களின் பொய்ச் சான்றாற் பழைய தேடுபொறிகள் தடுமாறிய காலத்தில், ஸ்ரான்போட் பல்கலைக்கழக மாணவராகிய லறி பேஜ், சேர்ஜி பிறின் ஆகிய இருவரும் வேறொரு வழியை நாடினர். ஒரு பக்கம் தன்னைப் பற்றி யாது கூறுகின்றது என்பதோடு நில்லாது, ஏனைய பக்கங்கள் அதனை எத்துணை சுட்டுகின்றன என்று அவர்கள் எண்ணினர். ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்பு, சபையிலே ஒருவருக்காக மற்றொருவர் கூறும் சான்று போன்றது. சான்று கூறுபவர் மதிப்புடையவராயின் அச்சான்றின் நிறையும் மிகும். இக்கணக்கையே அடிப்படையாகக் கொண்டு 1998ஆம் ஆண்டு செப்தெம்பரில் கூகிள் நிறுவனம் எழுந்தது.

தேடுபொறிக்கும் ஒரு குறை இருந்தது. அதன் ஏவலாளாகிய நிரல், சிலந்தி வலையிழை வழியே ஊர்வது போல, இணைப்பு வழியே ஊர்ந்து பக்கம் பக்கமாகச் சேகரிக்கும். உலகிலுள்ள பக்கங்கள் எண்ணிலவாதலால், ஒரு சிறு தளத்துக்கு அது மீண்டும் வருவதற்கு நாள்களோ வாரங்களோ செல்லும். அதற்கிடையில் அங்கே எழுதப்பட்ட புதிய கட்டுரை, எழுதப்படாதது போலவே தேடுவோர் கண்ணுக்கு மறைந்திருக்கும். இவ்விடத்திலேதான் ஓடை தேடுபொறிக்கு உதவிற்று. ஓடையை மட்டும் எடுத்துப் பார்த்தால் தளத்தின் புதுமை முழுவதும் ஒரு கணத்தில் விளங்கிவிடும். அஃதன்றியும், புதியது வெளியானவுடன் நடுநிலையம் ஒன்றுக்குக் குறிப்பு அனுப்பும் வழக்கமும் வலைப்பதிவர் இடையே பரவியிருந்தது. 2002இல் தோன்றிய ரெக்னோராற்றி, 2005ஆம் ஆண்டு செப்தெம்பரில் கூகிள் தொடங்கிய வலைப்பதிவுத் தேடல் ஆகியன ஓடைகளையும் இத்தகைய குறிப்புக்களையும் பயன்படுத்தியே புதுப்பதிவுகளை விரைவிற் கண்டறிந்தன. அதே ஆண்டு யூன் மாதத்தில் கூகிள், தளத்தின் பக்கங்களையெல்லாம் பட்டியலிட்டுத் தரும் தளப்படத் திட்டத்தைத் தொடங்கியபொழுது, அப்பட்டியலுக்குப் பதிலாக ஓடையையும் ஏற்றுக்கொண்டது.

விரைவிற் காணப்படுதல் என்பது மெய்யான நன்மை. ஆனால் அந்நன்மை முன்வரிசையில் வைக்கப்படுதலாகாது. வாயிற்காவலன் வந்தவரின் பெயரை முதலில் எழுதிக்கொண்டமையால் அவருக்குச் சபையில் முதலிடம் கிடைப்பதில்லை. இவ்வேறுபாட்டை வணிகர் பலர் உணர்ந்திலர். உணர்ந்தும் மறைத்தோரும் உளர். ஓடை வைத்தால் தேடுபொறியில் உயர்வு கிட்டும் என்ற அறிவுரை எங்கும் விற்பனையாயிற்று. அதற்கு இருவகைக் காரணங்கள் கூறப்பட்டன.

முதலாவது, ஓடையைப் பிற தளங்கள் எடுத்துத் தம் பக்கங்களிற் காட்டினால், ஒவ்வொரு தலைப்பும் மூலத்தளத்தை நோக்கிய ஓர் இணைப்பாகும். இணைப்புப் பெருகினால் மதிப்பும் பெருகும் என்பது. இதிலே ஓரளவு உண்மை இருந்தது. மெய்யாகவே பயன்பட்ட ஓடையை மதிப்புள்ள தளமொன்று விரும்பி எடுத்துக்காட்டினால், அவ்விணைப்பு ஒரு சான்றேயாம். ஆனால் எந்திரம் தானாகவே எடுத்து ஒட்டும் ஆயிரம் இணைப்புக்களில் எவருடைய விருப்பமும் இல்லை. விருப்பம் இல்லாத சான்றுக்கு நிறை கொடாதிருக்கத் தேடுபொறிகள் காலப்போக்கிற் கற்றுக்கொண்டன. 2005ஆம் ஆண்டு யனவரியில் கூகிள், யாகூ, மைக்ரோசொப்ற் ஆகிய மூன்றும் சேர்ந்து, இவ்விணைப்பைச் சான்றாகக் கொள்ளற்க என்று தளத்தாரே குறித்துவைக்கும் அடையாளம் ஒன்றை ஏற்றன.

இரண்டாவது, பிறருடைய ஓடைகளைத் தன் தளத்திற் காட்டினால் அத்தளம் நாள்தோறும் புதுமையுடன் விளங்கும். புதுமையைத் தேடுபொறி விரும்பும் என்பது. இது பெரிதும் மயக்கமே. அக்காலத்திற் பலர் பயன்படுத்திய முறையில், பிறருடைய தலைப்புக்கள் வாசகன் திரையில் மட்டும் தோன்றின. தேடுபொறியின் சிலந்தி அவற்றைக் காணவேயில்லை. கண்டவிடத்தும், அவை வேறு ஆயிரந் தளங்களிலும் உள்ள அதே சொற்கள். ஒரே உரை பல இடங்களில் இருந்தால் தேடுபொறி அவற்றுள் ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றை ஒதுக்கும். அயலான் தோட்டத்துப் பூவைப் பறித்துத் தன் வேலியிற் செருகியவனுக்கு அன்றைய அழகு உண்டு, பூச்செடி இல்லை.

மயக்கத்தோடு நின்றிருந்தால் கேடு சிறிதாயிருக்கும். ஆனால் அது வஞ்சகமாகவும் வளர்ந்தது. ஓடையிலே கட்டுரை முழுவதும் இருக்குமாயின், அதனை எந்திரங்கொண்டு அள்ளுதல் மிக எளிது. 2005ஆம் ஆண்டளவில், பிறருடைய ஓடைகளை அள்ளி ஒட்டிய பொய்வலைப்பதிவுகள் பெருந்தொகையாகத் தோன்றின. அவற்றின் நோக்கம் வாசிப்பு அன்று. பக்கத்தின் ஓரத்தில் வைத்த விளம்பரங்களால் வரும் பணமே நோக்கம். எழுதியவன் இரவு கண்விழித்து எழுதினான். அள்ளியவன் விடியுமுன் அதனை வெளியிட்டான். சில வேளைகளில் தேடுபொறியிலே மூலக் கட்டுரை கீழேயும், களவாடிய படி மேலேயும் நின்றன. உழைத்தவனுக்கு உரிய வாசகரும் வருவாயும் உழையாதவனிடம் சென்றன.

இதனால் நேர்மையான எழுத்தாளர் ஓர் இக்கட்டில் அகப்பட்டனர். ஓடையில் முழுக்கட்டுரையையும் வைத்தால் வாசகனுக்கு நன்மை, கள்வனுக்கும் நன்மை. சுருக்கத்தை மட்டும் வைத்தால் கள்வனுக்குப் பயன் குறையும். ஆனால் ஓடையை நம்பியிருந்த வாசகன் ஒவ்வொரு கட்டுரைக்கும் மீண்டும் தளத்தின் வாயிலைத் தட்டவேண்டும். பலர் ஓடையைச் சுருக்கினர். சிலர் வாசகனையே பெரிதெனக் கொண்டு, முழுமையாகவே வைத்து, ஒவ்வொரு கட்டுரையின் ஈற்றிலும் மூல முகவரியைப் பொறித்தனர். கள்வனின் எந்திரம் அம்முகவரியையும் சேர்த்தே அள்ளியமையால், களவாடிய பக்கமே உடையவன் இவன் என்று காட்டிக்கொடுத்ததும் உண்டு. 2009ஆம் ஆண்டு பெப்ருவரியில், ஒரே உரை பல முகவரிகளில் இருப்பின் எது மூலம் என்பதைத் தளத்தாரே குறித்துவைக்கும் முறை ஒன்றையும் மூன்று தேடுபொறி நிறுவனங்களும் ஏற்றன.

அதே ஆண்டு ஒக்டோபரில் கூகிள் நிறுவனம், புதிய பக்கங்களின் முகவரிகளைக் கண்டறிவதற்குத் தான் ஓடைகளைப் பயன்படுத்துவதாக வெளிப்படையாக அறிவித்தது. கண்டறிதல் என்றே கூறிற்று. உயர்த்துதல் எனக் கூறவில்லை. ஓடை மாறியவுடன் வேண்டியோருக்கு உடனே தெரிவிக்கும் புதிய நெறிமுறை ஒன்றும் 2009இல் வந்தது. அது பின்னர் 2018இல் வெப்சப் என்ற பெயரால் நியமமாயிற்று. 2010ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கூகிள் தன் அட்டவணை முறையையே மாற்றி, புதிய பக்கங்களை முன்னையிலும் விரைவாகச் சேர்க்கலாயிற்று. இவையெல்லாம் அறிவிப்பின் வேகத்தைக் கூட்டிய செயல்கள்.

மதிப்பைப் பற்றிய தீர்ப்பு 2011ஆம் ஆண்டு பெப்ருவரியில் வந்தது. பண்டா என்று பின்னர் பெயர்பெற்ற மாற்றத்தை அம்மாதத்தில் கூகிள் செய்தது. பிற தளங்களின் உரையைப் படியெடுத்தவையும், பயன் குறைந்தவையும் ஆகிய தளங்களைக் கீழிறக்குவதே அதன் நோக்கம். அமெரிக்காவில் நிகழ்ந்த தேடல்களுள் நூற்றுக்கு 11.8 பங்கில் முடிவுகள் மாறின என்று அந்நிறுவனமே கூறிற்று. ஓடைகளை அள்ளி வாழ்ந்த தளங்கள் பல சரிந்தன. அதே ஆண்டு நவம்பரில் மற்றொரு மாற்றம் வந்தது. அண்மைச் செய்திகளைத் தேடுவோனுக்குப் புதிய பக்கங்களை முன்வைக்கும் முறை அதனால் விரிந்தது. அங்கும் புதுமை வேண்டப்பட்டது பொருளின் இயல்பு நோக்கியே. நேற்று நடந்த தேர்தலைத் தேடுவோனுக்குப் புதிய பக்கம் வேண்டும்; பாண்டியர் வரலாற்றைத் தேடுவோனுக்குப் பழைய நல்ல பக்கமே போதும்.

2014ஆம் ஆண்டில் கூகிள் தளத்தாருக்கு அளித்த அறிவுரை இவ்வரலாற்றைத் தெளிவாக்குகின்றது. தளத்திலுள்ள பக்கங்கள் அனைத்தையும் கூறுவதற்குத் தளப்படம். அண்மையில் மாறியவற்றைக் கூறுவதற்கு ஓடை. இரண்டையும் ஒருங்கே வைப்பது நன்று என்பதே அவ்வறிவுரை. ஓடையில் எழுதும் நேரம் மெய்யான நேரமாய் இருத்தல் வேண்டும். முகவரி ஒவ்வொன்றும் மூல முகவரியாய் இருத்தல் வேண்டும். பதினைந்து ஆண்டுச் சோதனையின்பின் ஓடை தான் பிறந்த தொழிலுக்கே மீண்டது.

ஆனால் அந்த மீட்சிக்கு முன்னரே ஓடையின் வாழ்வில் ஒரு துயர ஆண்டு வந்துவிட்டது. 2013ஆம் ஆண்டு யனவரி 11ஆம் நாள், ஏரன் சுவாற்ஸ் தம் 26ஆம் வயதிற் காலமானார். அறிவு எல்லோர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்ற கொள்கையிற் பிடிவாதமாய் நின்ற அவர், ஆய்வுக் கட்டுரைகளைப் பெருந்தொகையாகத் தரவிறக்கியமை பற்றிய வழக்கொன்றை அப்பொழுது எதிர்நோக்கியிருந்தார். அவர் மறைந்து இரண்டு மாதங்களில், மார்ச் 13ஆம் நாள், 2005 முதல் நடத்திவந்த தன் ஓடைவாசிப்புத் தளத்தை மூடப்போவதாகக் கூகிள் அறிவித்தது. பயன்படுத்துவோர் குறைந்தனர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். யூலை 1ஆம் நாள் அது மூடப்பட்டது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பு பயன்தரவில்லை. அதே ஆண்டில் ருவிற்றர் நிறுவனமும் ஓடை வழங்குவதை நிறுத்திற்று. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் பயர்பொக்ஸ் உலாவியும் தன்னுள் அமைந்த ஓடைவாசிப்பு வசதியை நீக்கிற்று.

இங்கே இழந்தது ஒரு கருவி மட்டுமன்று. ஓடையிலே வரிசையைத் தீர்த்தவர் வாசகரும் காலமும். சமூக வலைத்தளங்களிலே வரிசையைத் தீர்ப்பது நிறுவனத்தின் கணக்கு. எந்த நண்பரின் சொல் முன்வரும், எந்தச் செய்தி மறையும் என்பதை வாசகன் அறியான், எழுதுவோனும் அறியான். தேடுபொறியில் உயர்வதற்காக ஓடையை வளைத்தவர்கள், உயர்வு தாழ்வு அற்ற ஓரிடம் தம் கையிலேயே இருந்ததை மறந்தனர். மறந்தவர் பலரானபொழுது அவ்விடமும் குறுகிற்று.

எனினும் ஓடை வற்றவில்லை. வேட்பிரஸ் போன்ற மென்பொருள்களால் அமைந்த தளங்கள், உடையவர் நினையாவிடினும் தாமாகவே ஓடையை ஆக்குகின்றன. பொட்காஸ்ட் உலகம் பெரும்பாலும் ஓடையின் மீதே நிற்கின்றது. நேயர் தம் தொலைபேசியில் ஓர் உரையைக் கேட்கும்பொழுது, அதனைக் கொண்டுவந்த வண்டி 1999இற் பிறந்த அதே எளிய கோப்பு என்பதைப் பெரும்பாலும் அறியார். குகாவின் பணியும் முற்றுப்பெறவில்லை. 2005இல் கூகிள் நிறுவனத்திற் சேர்ந்த அவர், பக்கங்களின் பொருளை எந்திரத்துக்கு விளக்கும் ஸ்கீமா என்னும் பொதுச் சொற்றொகுதியை, 2011ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மூன்று தேடுபொறி நிறுவனங்களும் சேர்ந்து வெளியிடுவதற்கு முன்னின்றார். 2025இல் மைக்ரோசொப்ற் நிறுவனத்திலிருந்து அவர் வெளியிட்ட புதிய திட்டம், இணையத்தளங்கள் வாசகரோடு உரையாட வழிசெய்வது. அதற்கும் தளங்களின் பழைய ஓடைகள் துணைநிற்கின்றன. தளம் தன்னைப் பற்றித் தானே ஒழுங்காகவும் உண்மையாகவும் கூறுதல் வேண்டும் என்ற அவர் நம்பிக்கை, முப்பது ஆண்டுகளாகப் பல வடிவங்களில் உயிர்வாழ்கின்றது.

இவ்வரலாறு தளம் நடத்துவோருக்குக் கூறுவது சிறிதே. ஓடை வைத்தல் நன்று. புதியதை அது உடனே சாற்றும். தேடுபொறியின் சிலந்தியை விரைந்து அழைத்துவரும். விரும்பிய வாசகனை ஒருநாளும் தவறவிடாது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. பிறர் எழுத்தை அள்ளி நிரப்பிய ஓடையால் எவரும் நிலையான உயர்வு பெற்றிலர். பயனுள்ளதை எழுதிப் பிறரால் விரும்பிச் சுட்டப்பட்டோரே உயர்வு பெற்றனர். அண்ணாவியாரின் மேளம் ஊரைக் கூட்டிவிட்டது. கூடியவர்கள் விடியும்வரை இருப்பதும் பாதியில் எழுந்து போவதும் களரியில் நிகழ்வதைப் பொறுத்தன.